பொட்டு வைத்த பேட்டரி

நான் பாடம் எடுக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் மாணவர்கள் எனக்கு அனுப்பும் வீடியோக்களில் பாதி காற்றாலைகளைப் பற்றியவை. இறக்கையே இல்லாமல் ஒரு கம்பம் மட்டும் நின்று ஆடுமாம், அதில் மின்சாரம் வருமாம். மொட்டை மாடியில் பூச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒன்று. பட்டம் போல வானத்தில் பறந்துகொண்டே கரண்ட் அனுப்பும் இன்னொன்று. ‘மேடம், இது நம்ம ஊருக்கு ஒத்து வருமா?’ என்று கீழே ஒரு வரி இருக்கும். சுற்றுவது வேறு, கொடுப்பது வேறு, மீட்டரை வைத்து அளந்து பார் என்று வகுப்பில் கறாராகச் சொல்கிறேன். ஆனால் வீடியோவில் அப்படி ஒன்று சுற்றத் தொடங்கினால் முடியும் வரைக்கும் என்னால் நிறுத்த முடிவதில்லை. என் ஒன்பதாவது வயதில், அப்படி ஒரு காற்றாலையின் தயவில் நான் நான்கு மாதம் மூச்சு விட்டேன். அப்படித்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் கல்வராயன் மலையில் இருந்தோம். சொந்த ஊர் மலையடிவாரத்தில் இருக்கும் கச்சிராயபாளையம். சொந்தமாக நிலம் என்று ஒரு முழம்கூடக் கிடையாது. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர்கள். கீழே இருந்த விவசாயி ஒருவர் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் காடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, அதைப் பார்த்துக்கொள்ள எங்களைக் குடும்பத்தோடு மேலே ஏற்றிவிட்டார். நாங்கள் அவரை முதலாளி என்போம். காட்டின் நடுவே ஓடு போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பாறைகளின் மேல் ஏறி இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். கரண்ட் கம்பி அந்த பஸ் நிறுத்தத்தோடு நின்றுவிட்டது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்தால் அங்கேயும் நாள்கணக்கில் இருட்டுதான்.

எங்களோடு மாமாவும் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. கச்சிராயபாளையத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். சொன்னதை மட்டும் செய்வது அவருக்கு வராது. ஒருவர் வீட்டுக்கு கேட் செய்யச் சொன்னார்கள். மாமா அதில் தானாக மூடிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றைச் சேர்த்துவிட்டார். அது திறந்த வேகத்தில் மூடி, வீட்டுக்காரரின் மாமனாரை வாசலில் உருட்டிவிட்டது. பட்டறைக்காரர் மாமாவை அன்றைக்கே அனுப்பிவிட்டார். மாமா மலையேறி வந்து, அந்த மாமனார்தான் மெதுவாக நடந்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு விளக்கம் சொன்னார். அப்பா அதிகம் பேசாதவர். பேசாதவர்களுக்கு இப்படி ஒரு மச்சான் அமைவது வழக்கம்தான் போலிருக்கிறது. திட்டவும் மாட்டார், மெச்சவும் மாட்டார், சாப்பிடும்போது மாமாவின் தட்டில் குழம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

எனக்கு இளைப்பு இருந்தது. குளிரும் சாரலும் சேர்ந்தால் மூச்சு பிடித்துக்கொள்ளும். அந்த வருஷம் ஆனி மாதத் தொடக்கத்தில், விடாமல் மழை பெய்த ஒரு காலையில், என் உதடு நீலமாகிவிட்டது. பஸ் வரவில்லை, ஜீப் எதுவும் கிடைக்கவில்லை. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளிமலை ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினார். பின்னால் அம்மா குடை பிடித்துக்கொண்டு வந்தாள் என்றும், அந்தக் குடை என்மேல் ஒரு தடவைகூட வந்து சேரவில்லை என்றும் பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் முகத்தில் ஒரு மூடியை வைத்து, மருந்தை ஆவியாக்கி ஊதும் மெஷினைப் போட்டார்கள். கால் மணி நேரத்தில் மூச்சு வந்தது.

அப்பா கள்ளக்குறிச்சிக்குப் போய் அதே மாதிரி மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். அது கரண்டில் ஓடுவது. வாங்கி வந்து கொட்டகையில் வைத்த பிறகுதான் அதை எங்கே சொருகுவது என்ற கேள்வி வந்தது. அப்பா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார் என்று நினைக்கிறேன். மணலூர்பேட்டையில் அவருடைய அக்கா, என் அத்தை, இருந்தாள். வீட்டில் கரண்ட் உண்டு, அடுத்த தெருவில் டாக்டர் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. அத்தைக்குப் பிள்ளை இல்லை. என்னை அனுப்பு என்று அவள் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருந்தாள். அதனாலேயே அம்மாவுக்குப் பயம். போனால் பெண் திரும்பி வரமாட்டாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அழுது பார்த்தாள், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தாள்.

மாமா நடுவில் வந்தார். அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். “தை பொறக்கற வரைக்கும் டைம் குடுங்க மாமா. இந்த வூட்டுக்கு நான் கரண்ட் கொண்டாறன். முடியலன்னா நீங்க சொல்றபடி கொழந்தய அனுப்பிடலாம்” என்றாராம். அப்பா, “மிசின் ஒரு நாளுகூட நிக்கக் கூடாது” என்றாராம். இந்தப் பேச்சு நடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் சொந்த வழக்கு என் வீட்டில் நடந்துகொண்டிருந்தது எனக்கே தெரியாது.

மாமாவுக்குக் காற்றாலை ஆசை அதற்கு முன்பே உண்டு. ஒருமுறை சேலம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது, ஒரு நீளமான லாரியில் ஒரே ஒரு இறக்கையைக் கட்டி எடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறார். அது முழுதாகக் கடந்து முடிய இவர் பஸ் காத்து நின்றதாம். ஆனால் அந்த மாதிரி மூன்று இறக்கைக் காற்றாலை எங்கள் மலைக்குச் சரிப்படாது என்பது அவர் கட்சி. “அந்த எறக்க காத்துப் பக்கம் மொகத்த திருப்பி வெச்சிக்கினு நிக்கணும். இங்க காத்து எந்தப் பக்கத்துலர்ந்து வருதுன்னு காத்துக்கே தெரியாது. நாம நட்டமா நிக்கிற மாதிரி செய்யணும். எந்தப் பக்கம் அடிச்சாலும் அது சுத்தணும்” என்றார்.

அதில் தப்பே இல்லை. இன்றைக்கும் நான் அந்த வாதத்தைப் பாடத்தில் அப்படியே சொல்கிறேன். மலைப்பாதைக்குத் தார் போட்டவர்கள் விட்டுப்போன டிரம் ஒன்றைக் கொண்டுவந்து நெடுக்காக இரண்டாகப் பிளந்தார். இரண்டு பாதிகளையும் எதிரும் புதிருமாக, கொஞ்சம் விலக்கி வைத்து, ஒரு இரும்புக் குழாயில் பற்றவைத்தார். கரும்பாலையில் கழித்துப் போட்ட பேரிங்குகள் மேலும் கீழும். கீழே ஒரு சைக்கிள் ரிம், அதிலிருந்து ஒரு பெல்ட், பெல்ட்டின் மறுமுனையில் பழைய ஜீப்பின் டைனமோ. கொட்டகைக்குப் பின்னால் இருந்த பாறையில் நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி நிறுத்தினார். ஒயர் வழியாக வீட்டுக்குள் ஒரு டிராக்டர் பேட்டரி, அதற்கு மேல் ஒரு சின்ன இன்வெர்ட்டர். பேட்டரிப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் கரண்ட் ஏறுகிறது என்று அர்த்தம்.

ஆடி பிறந்ததும் காற்று வந்தது. டிரம் அசைந்து, யோசித்து, பிறகு சுற்றத் தொடங்கியது. அம்மா ஓடிப்போய் சூடம் எடுத்து வந்தாள், காற்றில் அது பற்றவே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அன்று சாயங்காலம் என் முகத்தில் மூடியை வைத்து மெஷினைப் போட்டார்கள். கர்ரென்று அது ஓடிய சத்தத்தில் நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அன்று இளைப்பே இல்லை. இருந்தாலும் சும்மா ஒரு தடவை ஊதச் சொன்னேன்.

சுற்றுவட்டாரத்தில் இருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். அந்தப் பக்கமாக ஓட்டிப் போகும்போது மாடுகள் மிரண்டு சாமைக் கொல்லைக்குள் இறங்கிவிட்டன. அதற்காகவும் சிலர் வந்தார்கள். மாமாவுக்குக் ‘காத்து மெக்கானிக்’ என்று பெயர் வந்தது.  அப்பா தினமும் காட்டிலிருந்து வந்து கால் கழுவியதும், குனிந்து அந்தச் சிவப்பு விளக்கைப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் சட்டையைக் கழற்றுவார்.

மாமாவுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். டிரம் எந்தக் காற்றுக்கும் சுற்றும், ஆனால் மெதுவாகத்தான் சுற்றும். டைனமோவுக்கு வேகம் வேண்டும். வேகத்தைக் கூட்ட ரிம்மும் பெல்ட்டும் போட்டால், டைனமோ கரண்ட் கொடுக்கத் தொடங்கியதும் அதுவே டிரம்மை இழுத்துப் பிடிக்கிறது. ஒரு பாதி காற்றை வாங்கித் தள்ளும்போது மறுபாதி அதே காற்றை எதிர்த்து வரவேண்டியிருக்கிறது. வந்ததில் பெரும்பங்கு அங்கேயே போய்விடுகிறது. ஆடிக் காற்றில் இதையெல்லாம் மீறி ஏதோ ஏறியது. ஆவணியில் குறைந்தது. புரட்டாசியில் மலை முழுக்க இலை அசையாமல் நின்றது. டிரம் காலையில் இரண்டு சுற்று, மாலையில் இரண்டு சுற்று, கடமைக்குச் சுற்றியது. சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு இளைப்பு வந்த நாள்களில் மெஷினும் ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது.

அந்த நாள்களில் மாமா வாரத்துக்கு இரண்டு முறை கச்சிராயபாளையம் போய் வந்தார். பழைய பட்டறையில் சில்லறை வேலை கிடைக்கிறது என்றார். சாக்குப் பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு காலை முதல் பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம் திரும்புவார். அவருடைய சட்டைகளில் வலது தோள்பட்டைப் பக்கம் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்தது. “மாமா சட்டய எலி கடிச்சிக்கினே இருக்குது” என்று நான் கேலி செய்வேன். “வெல்டிங் பொறி பட்டது பாப்பா” என்பார். அம்மா அந்தச் சட்டைகளுக்கு உள்பக்கமாகத் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள். 

ஆயுதபூஜை வந்தது. எங்களிடம் இருந்த ஆயுதங்கள் மண்வெட்டி, கொடுவாள், கடப்பாரை, மாமாவின் சுத்தியல், ஸ்பானர். எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும் வேலை எனக்கு. டிரம்முக்கும் வைத்தேன், டைனமோவுக்கும் வைத்தேன், இளைப்பு மெஷினுக்கும் வைத்தேன். பேட்டரிக்கு மட்டும் விசேஷம். சந்தனத்தைக் குழைத்து மூன்று கோடு இழுத்து நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. சந்தனத்தில் தண்ணீர் கூடிப்போய்க் குங்குமம் வழிந்து கைப்பிடி வரைக்கும் ஒரு கோடாக இறங்கிவிட்டது. அதைத் துடைக்கப் போய் என் கட்டைவிரல் ரேகை பக்கவாட்டில் பதிந்தது. அம்மா பார்த்துவிட்டு, “ரெத்தக் காயம் பட்ட மாதிரி இருக்குது, போ” என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் பேட்டரியில் பொட்டு இல்லை. கடப்பாரையில் இருந்தது, சுத்தியலில் இருந்தது, பேட்டரி மட்டும் சுத்தமாக இருந்தது. மாமாவிடம் கேட்டேன். “ஆசிட்டு கசிஞ்சி அழிஞ்சிடுச்சிம்மா” என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. புதிதாக வைக்கிறேன் என்றேன், பூஜை முடிந்த பிறகு வைக்கக் கூடாது என்றார். நாலு நாள் கழித்துப் பார்த்தால் பொட்டு இருந்தது. அதே மூன்று கோடு, அதே வழிந்த குங்குமம், பக்கத்தில் என் கட்டைவிரல்.

அழிந்த பொட்டு அதே ரேகையோடு திரும்பி வராது என்று யோசிக்க ஒன்பது வயது போதும். நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். திங்கள், பொட்டு உண்டு. வியாழன், பொட்டு இல்லை. அடுத்த திங்கள், உண்டு. மாமா கீழே போய்வரும் நாள்களில்தான் அது மாறியது. அப்புறம் ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டார்கள். நான் பஸ் நிறுத்தத்துக் கடையோரம் நின்றிருந்தபோது கீழிருந்து பஸ் வந்தது. மாமா இறங்கினார். கண்டக்டரும் இன்னொருவரும் சேர்ந்து தூக்கி சாக்கை அவர் தோளில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றும்போது சாக்கின் வாய் விலகியது. உள்ளே பேட்டரி. மாமா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடி, பாறைப் பாதையில் மெதுவாக ஏறத் தொடங்கினார். நடுவில் இரண்டு இடங்களில் நின்றார். நான் கூப்பிடவில்லை. பின்னாலேயே பதுங்கிப் பதுங்கிப் போனேன். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த சந்தோஷம்தான் வந்தது.

இரண்டு பேட்டரிகள். ஒன்று கீழே பேட்டரிக் கடையில் ஏறிக்கொண்டிருக்கும், ஒன்று எங்கள் வீட்டில் இறங்கிக்கொண்டிருக்கும். மாமா மாற்றி மாற்றிச் சுமந்தார். பொட்டு வைக்காத பேட்டரி ஒன்று தன்னிடம் இருப்பதையும், அதற்கும் பொட்டு வேண்டும் என்பதையும் அவர் யோசிக்கவில்லை. சிவப்பு விளக்கின் ஒயரை நோண்டிப் பார்த்தேன். அது டைனமோவிலிருந்து வரவில்லை, நேராகப் பேட்டரியில் கொடுக்கப்பட்டிருந்தது. காற்றடித்தாலும் எரியும், அடிக்காவிட்டாலும் எரியும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்குத் தகுந்த சபை கூடட்டும் என்று காத்திருந்தேன் போலிருக்கிறது. கூடியது. ஐப்பசி முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஜீப்பில் வந்தார், கூடவே அவர் மைத்துனரும் வந்தார். காற்றாலையைப் பற்றிக் கேள்விப்பட்டு, தன் நிலத்திலும் ஒன்று போடலாமா என்று முதலாளி பார்க்க வந்திருந்தார். அப்பா அன்று பேசினார். என் வாழ்க்கையில் அப்பா அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. டிரம் எப்படிப் பிளந்தது, பேரிங் எங்கே கிடைத்தது, ஆடியில் எப்படிச் சுற்றியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “எம் மச்சான் செஞ்சதுங்க. கொழந்த உசுரு இதுலதான் ஓடுதுங்க” என்று சொல்லும்போது மாமாவின் தோளில் கை போட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

முதலாளி அண்ணாந்து டிரம்மைப் பார்த்தார். அது சுற்றாமல் நின்றுகொண்டிருந்தது. “ஏம்பா, எல ஆடல. இதுல எப்பிடி பேட்ரி ஏறுது?” என்றார்.

“கொஞ்சம் காத்து வந்தாப் போதும்ங்க. மெள்ள ஏறிக்கும்” என்றார் மாமா.

“அது இதுல ஏறலங்க” என்றேன் நான்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் கணக்கு நோட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். பொட்டு, பொட்டு இல்லாதது, பஸ், சாக்கு, சிவப்பு விளக்கின் ஒயர், ஒன்று விடாமல் சொன்னேன். டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போலக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். நடுவில் அம்மா, “எம்மா, போதும், உள்ள வா” என்றாள். நான் முடிக்காமல் போகவில்லை.

முதலாளியின் மைத்துனர்தான் முதலில் சிரித்தார். “இந்தக் காத்தாலை கீழ நடந்துபோயி கரண்டு வாங்கிக்கினு வருது மாமா. நமக்கு ஒண்ணு போட்டா ரெண்டு ஆளு வெக்கணும்” என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளியும் சிரித்தார், கெட்ட எண்ணத்தில் இல்லை. என் தலையைத் தட்டி, கெட்டிக்காரி, நல்லாப் படிக்க வையுங்க என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டு ஆள்கள் மூவரும் சிரிக்கவில்லை என்பதை ஜீப் போன பிறகுதான் கவனித்தேன்.

அப்பா பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கினார். தோள் வரைக்கும் கொண்டுபோய் அங்கே ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கினார். மூச்சு வாங்கியது அவருக்கு.

“எத்தினி நாளா?”

“பொரட்டாசி மொதலா மாமா.”

“வாரத்துக்கு ரெண்டு வாட்டியா?”

“மழைக்கி மிசினு ஜாஸ்தி ஓடுச்சின்னா மூணு.”

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குரலே எழும்பாமல்தான் கேட்டார். “நாளைக்கி ஒனக்கு ஜொரம் வந்தா? பாதையில கால் மடங்கி உழுந்துட்டா? காத்து நின்னா கண்ணுக்குத் தெரியும்டா. நீ நின்னுட்டன்னா எனக்கு எப்பிடித் தெரியும்? நான் அந்த லைட்ட நம்பிக்கினு தூங்கறன்.”

 எதற்கும் விளக்கம் வைத்திருக்கும் மாமா டிரம்மின் பக்கம் பார்த்தார், என் பக்கம் பார்த்தார், பிறகு எழுந்து மரவள்ளிக் காட்டுக்குள் போய்விட்டார். அம்மா அடுப்படியில் சோறு பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் நின்றாள். அப்பா அவளிடம், “ஒனக்குத் தெரியுமா?” என்றார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இத்தனை வருஷத்தில் நான் பலமுறை அப்பா பக்கம் நின்று யோசித்திருக்கிறேன், மாமா பக்கமும் நின்று யோசித்திருக்கிறேன். அப்பா சொன்னதில் பிழை கிடையாது. ஒரு மனிதனின் தோளை நம்பி ஒரு குழந்தையின் மூச்சை விடக்கூடாது. இதே விஷயத்தைத்தான் நான் இப்போது மாணவர்களிடம் வேறு சொற்களில் சொல்கிறேன். ஒரு காற்றாலையின் அழகு அது சுற்றும் நாளில் தெரியும், அதன் யோக்கியதை சுற்றாத நாளில் தெரியும் என்கிறேன். ஆனால் மாமாவையும் என்னால் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியவில்லை. தை வரைக்கும் இழுத்துப் பிடித்துவிட்டால் கெடு தாண்டிவிடும், அடுத்த ஆடியில் மறுபடி காற்று வரும், அதற்குள் டிரம்மை இன்னும் உயரமாக, இரண்டடுக்காகச் செய்துவிடலாம் என்று நம்பியிருக்கிறார். அவர் வரைந்து வைத்திருந்த படங்களை அம்மா பின்னாளில் எனக்குக் காட்டினாள். மோசமான யோசனை இல்லை. அதுவும் போதுமான அளவுக்குக் கொடுத்திருக்காது.

மூன்றாம் நாள் அப்பா என்னை மணலூர்பேட்டைக்குக் கூட்டிப்போனார். “பத்து நாளு இருந்துட்டு வந்துடு” என்று அம்மா தலை பின்னிவிட்டாள். அன்று அவள் பின்னி முடிக்க ரொம்ப நேரம் ஆனது, இரண்டு தடவை அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பின்னினாள். பஸ் வரைக்கும் மாமா வந்தார். இளைப்பு மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார், அது கையில் தூக்கிப்போகும் எடைதான். நான் போட்டுக்கொடுத்ததற்காக என்மேல் கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். “என்மேல கோவமா மாமா?” என்று கேட்டேன். “இன்னாத்துக்குக் கோவம்? நீ கண்டுபுடிச்சிட்ட இல்ல, நான் இன்னொரு பொட்டு வெக்காம உட்டுட்டன் பாரு” என்று சிரித்தார். கோபம் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன், திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

நான் போன பிறகு அந்த மழைக்காலம் முழுவதும் மாமா பேசுவதைக் குறைத்துக்கொண்டார் என்று அம்மா சொன்னாள். டிரம்மைக் கழற்றினார்கள். ஒரு பாதி மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியானது, மறுபாதியில் அம்மா மரவள்ளிச் சீவலை ஊறவைத்தாள். மாமா தை மாதத்திலேயே திருப்பூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். பத்து நாளைக்கு என்று போன நான் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரைக்கும் அத்தை வீட்டில்தான் இருந்தேன். லீவுக்கு மலைக்குப் போவேன், விருந்தாளி போல. அம்மா எனக்குத் தனித்தட்டு எடுத்து வைப்பாள்.

மணலூர்பேட்டையில் எனக்கு எல்லாம் பிடித்திருந்தது. ஃபேன், டி.வி., கடைத்தெரு, ஆற்றங்கரை. அங்கே குளிர் கிடையாது, சாரல் கிடையாது. போய்ச் சேர்ந்த ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ அத்தையின் செல்போனுக்கு அம்மா பேசினாள். பேசுவதற்காக அவள் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்துபோய்க் கடைக்காரரின் போனை வாங்கியிருந்தாள். சாப்பிட்டாயா, எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று கேட்டாள். ஊருக்கு வர டிரெஸ்ஸெல்லாம் எடுத்து வை, அப்பா ஞாயித்துக்கிழம வருவாரு என்றாள்.

“எம்மா, இங்க எனக்கு எளப்பே வரல. மிசின ஒரு தபாகூட எடுக்கல. கரண்ட் போனாக்கூட ஒடனே வந்துடுது. அத்தகூடத்தான் படுத்துக்கிறன்” என்றேன். அம்மாவுக்கு சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்து, எனக்குத் தெரிந்ததிலேயே பெரிய நல்ல செய்தியைச் சொன்னேன். “நான் இங்கியே இருந்துக்கிறம்மா.”

அந்தப் பக்கத்தில் சத்தம் இல்லை. ஹலோ ஹலோ என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். மலையில் எப்போதும் இப்படித்தான், சிக்னல் போய்விட்டது என்று அத்தையிடம் சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டு, விளையாடப் போனேன்.